நாலாவது அட்டை

"அழுகை வருமா அக்கா?"

சாப்பிட்டீர்களா என்று விசாரிக்கிற தொனியில்தான் நஸீப் கேட்டான்.

"வராது," என்றாள் ஜெயராணி.

"பரவால்ல. வராட்டி கீழ பாருங்க. மூணு செக்கன். மத்தத கெமரா பாத்துக்கும்."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து ஐம்பது. பேராதனை வீதியில் ஒரு புடைவைக் கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில் இருந்தது குன்று தொலைக்காட்சி. பதினொரு மணிக்கு நேரடி ஒளிபரப்பு. நிகழ்ச்சியின் பெயர் 'முகம் பார்த்துப் பேசு'. ஒரே கட்சியாக இருந்து ஆறு வருஷத்துக்கு முன் உடைந்த இரண்டு இடதுசாரிக் கட்சிகள், கண்டி மாவட்டத்தில் எதிரெதிராக நிற்கின்றன. இரண்டின் தமிழ் வேட்பாளர்களும் இன்றைக்கு மோதுகிறார்கள்.

ஜெயராணிக்கு நாற்பத்தாறு வயது. ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருபத்திரண்டு வருஷம் கொழுந்தெடுத்தவள். பிறகு தொழிற்சங்கம். இப்போது உழைப்பாளர் பொது முன்னணியின் வேட்பாளர். நஸீப் கட்சியின் ஊடக இணைப்பாளன். அலவத்துகொடைக்காரன், முப்பத்தொரு வயது. கெட்டவன் என்று யாரும் சொல்ல முடியாது. அவளுக்கு வெயிலில் குடை பிடிப்பான், மருந்து வாங்கித் தருவான், பொய்யும் எழுதித் தருவான்.

அவன் கையில் ஒன்பது அட்டைகள். கேள்விகள் வியாழக்கிழமையே இரண்டு தரப்புக்கும் வந்துவிட்டன. ஒன்பது கேள்வி, ஒன்பது அட்டை. கொழும்பில் சிங்களத்தில் எழுதி, கண்டி அலுவலகத்தில் தமிழாக்கி, ஓரத்தில் சிவப்பு மையால் குறிப்பும் போட்டிருந்தது. 'இங்கே நிறுத்தவும்.' 'இங்கே கைகளைக் காட்டவும்.'

"கைதான் ஒரு பிரச்சின," என்றான் நஸீப், அவள் விரல்களைப் பார்த்து. "ரொம்ப கிளீனா ஈக்கி."

"மலைக்குப் போயி நாலு வருசமாச்சு தம்பி. கொழுந்துக் கறை என்னா, பச்சையா குத்துனது?"

பக்கத்துக் கதிரையில் இருந்தவர் சிரித்தார். பற்றிக். எதிர்க்கட்சி வேட்பாளர். நாவலப்பிட்டியில் ஆசிரியராக இருந்தவர். வெள்ளைச் சட்டையின் கையை இரண்டு மடிப்பு மடித்திருந்தார். மனசிலிருந்து பேசுகிறவர் என்று மலைநாடு முழுக்கப் பெயர். எழுதி வாசிக்கிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. அதை ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரே வசனத்தில் சொல்வார்.

ஒரு சின்ன டப்பியைத் திறந்து, விரல் நுனியில் தைலம் தொட்டு, கண்ணுக்குக் கீழே தடவிக்கொண்டார். கண் மெதுவாகக் கலங்கியது. டப்பியை அவள் பக்கம் நீட்டினார்.

"வேணுமா தோழர்?"

"எனக்குச் சளி இல்ல தோழர்."

"எனக்கும் இல்ல," என்றார் பற்றிக்.

*

கார்த்திகை மழையில் அவளுடைய தோட்டத்தில் மேல் லயத்தின் வரிசை வீடுகள் மலையோடு சரிந்தன. பகல் இரண்டு மணி. பதினொரு பேர் மண்ணுக்குள் போனார்கள். அதில் ஒருவன் அழகையா. அவளுடைய புருஷன்.

அவள் அன்றைக்கு அங்கே இல்லை. கண்டியில், கட்சி அலுவலகத்தில், கெமராவைப் பார்த்துப் பேசுவது எப்படி என்று பயிற்சி நடந்துகொண்டிருந்தது.

அந்த மாலையிலிருந்து அவளுக்குள் எதுவும் அசையவில்லை. அழ முயன்று பார்த்தாள், வரவில்லை. பசித்தால் சாப்பிட்டாள். கூப்பிட்டால் போனாள். அட்டை கொடுத்தால் சொன்னாள். ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள். கட்சிக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. முன்பெல்லாம் கூட்டத்தில் ஏதாவது சொந்தமாகப் பேசி வம்பை விலைக்கு வாங்குவாள். இப்போது அந்தத் தொல்லை இல்லை.

வீடிழந்த இருபத்து மூன்று குடும்பங்கள் ஐந்து மாதமாகத் தோட்டப் பாடசாலை மண்டபத்தில் கிடக்கின்றன. சேலையைக் கட்டிச் சுவராக்கி, அதற்குள் ஒரு பாய், ஒரு அடுப்பு. அழகையாவின் அக்கா பாலம்மாவும் பேரப்பிள்ளைகளும் அங்கேதான். அவர்களோடு ஒரு பாய் ஜெயராணிக்கும் உண்டு.

அந்த இருபத்து மூன்று குடும்பத்துக்கும் பதில்தான் நாலாவது அட்டை: தோட்டத்தின் பதினோராம் நம்பர் மலையில் வீடு கட்ட நிலம் அடையாளம் காணப்பட்டுள்ளது.

"அக்கா, ஒரு நிமிசம்."

வாசலில் கிருஷாந்தி நின்றாள். கண்டி அலுவலகத்தில் அட்டைகளைத் தமிழாக்குகிறவள் அவள்தான். ஜெயராணியைக் கழிவறைப் பக்கம் கூட்டிப்போனாள். குழாயைத் திறந்துவிட்டாள், சத்தத்துக்கு.

"நாலாவது அட்டைய சொல்லாதீங்க."

"ஏன்?"

"பதினோராம் நம்பர் மலை சரிவராதாம். ஆய்வுக்குப் போனவங்க கடிதம் வெள்ளிக்கிழமையே வந்துருச்சு. மேல காட்டுக்குள்ள நூறு அடிக்கு மேல ஒரே வெடிப்பாம். மண்ண வெட்டக்கூடாது, ஆள் இருக்கக்கூடாது, மழை புடிச்சா எறங்கிரும்னு எழுதியிருக்கு. நான்தான் தமிழ்ல எழுதிக் குடுத்தேன். நஸீப் அண்ணன் உள்ள வச்சுப் பூட்டிட்டாரு."

ஜெயராணி குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள்.

"படம் புடிச்சு வச்சிருக்கியா?"

"இல்லக்கா. போன வெளிய வச்சிட்டுத்தான் உள்ள விட்டாங்க." கிருஷாந்தி கண்ணைத் துடைத்தாள். "நான் சொன்னதா சொல்லிறாதீங்க. எனக்கு இந்த வேலதான்."

"சொல்லல. போ."

ஒப்பனை அறைக்குத் திரும்பியபோது பத்து ஐம்பத்தாறு. கடிதம் வந்ததா என்று கேட்டாள். நஸீப் ஒளிக்கவில்லை. அந்த விஷயத்தில் அவன் நேர்மையானவன்.

"கடிதம் வந்தது உண்மதான். ஆனா அடையாளம் கண்டது கண்டதுதானே? நாம என்னா சொல்றோம்? 'அடையாளம் காணப்பட்டுள்ளது'ன்னு. குடுத்தாச்சுன்னா சொல்றோம்? தேர்தலுக்கு இன்னும் பன்னண்டு நாள். முடியட்டும், வேற எடம் பாப்போம், இன்ஷா அல்லாஹ்."

"கடைசில ஒரு வரி இருக்கே. 'அது இனி உங்கள் நிலம்'னு."

"அது ஒரு உணர்வுக்கு அக்கா."

"எங்க ஆளுக அத உணர்வுன்னு நெனைக்க மாட்டாங்க. மம்பட்டியத் தூக்குவாங்க."

தோட்டத்துப் பழக்கம் அப்படி. காய்கறி போடத் துண்டு நிலமென்றாலும் சரி, வீட்டுக்கென்றாலும் சரி, 'உங்களுக்கு' என்று தலைவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்தால் போதும். யார் முதலில் கம்பு ஊன்றிக் கயிறு கட்டுகிறாரோ அவருக்கு அந்த இடம். வரைபடமும் கடிதமும் பிறகு வரும், வராமலும் போகும். ஊன்றிய கம்பை யாரும் பிடுங்க மாட்டார்கள்.

"அக்கா, நீங்க வார்த்தய கூட்டவும் வேணாம், கொறைக்கவும் வேணாம். இவ்வளவு நாளும் சொன்ன மாதிரி சொல்லுங்க." நஸீப் அவள் காதில் ஒலிக்கருவியைப் பொருத்தினான். "நான் உள்ளுக்க ஈக்கிறன். மறந்தா எடுத்துக் குடுப்பன்."

அவளுக்குக் கோபம் வர வேண்டிய இடம் அது. வரவில்லை. மலைக்குப் போகாதீர்கள் என்று சொல்ல வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது, அடுப்பை அணைக்க வேண்டும் என்று தெரிவது போல.

*

"வணக்கம். முகம் பார்த்துப் பேசு. நான் ரொஹான்."

மூன்று கெமரா. பன்னிரண்டு பார்வையாளர்கள். தலைக்கு மேலே அடுப்புப் போல் சுடுகிற விளக்குகள்.

முதல் கேள்வி சம்பளம். முதல் அட்டையைச் சொன்னாள். இரண்டாவது கேள்வி காணி உரிமை. இரண்டாவது அட்டை. மூன்றாவது பாடசாலை. கைகளைக் காட்ட வேண்டிய இடத்தில் காட்டினாள். "சூப்பர்," என்றான் நஸீப் காதுக்குள்.

பற்றிக் வெளுத்து வாங்கினார். மேசையைத் தட்டினார். "எனக்கு எழுதிப் பேசத் தெரியாது தோழர், எனக்குத் தெரிஞ்சது இதுதான்!" என்று நெஞ்சைத் தொட்டார். பன்னிரண்டு பேரும் கை தட்டினார்கள்.

"தோழர் ஜெயராணி, மண்சரிவில் வீடிழந்த மக்களுக்கு உங்கள் கட்சி என்ன செய்திருக்கிறது?"

நாலாவது.

வாய் தானாகத் திறந்தது. "பாதிக்கப்பட்ட இருபத்து மூன்று..." என்று நாக்கே தொடங்கிவிட்டது. பிடித்து நிறுத்தினாள்.

'குடும்பங்களுக்கும்,' என்றான் நஸீப் காதில். 'குடும்பங்களுக்கும், பதினோராம் நம்பர் மலையில்... அக்கா? கேக்குதா?'

ஒலிக்கருவியைக் கழற்றி மேசையில் வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்த கெமராவைப் பார்த்தாள்.

"பாலம்மா மதினி, தலைவர் ராஜலிங்கம் அண்ணே, ஹோல்ல இருக்கிற எல்லாருக்கும் சொல்றேன். பதினோராம் நம்பர் மலைக்குப் போகாதீங்க. மேல வெடிச்சிருக்கு. அங்க இருக்கக்கூடாதுன்னு வெள்ளிக்கிழமையே கடிதம் வந்திருச்சு. எங்க கட்சி அத மறைச்சு வச்சிருக்கு. யாரும் கம்பு ஊன வேணாம். அவ்வளவுதான்."

சொல்லிவிட்டாள். கூரை இடிந்து விழும் என்று எதிர்பார்த்தாள்.

ரொஹான் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "நன்றி. தோழர் பற்றிக், உங்கள் பதில்?"

பற்றிக் நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது.

"நிலம் அடையாளம் கண்டுட்டாங்களாம்! கேட்டீங்களா மக்களே? அஞ்சு மாசமா அடையாளம் கண்டுக்கிட்டே இருக்காங்க! கூசாம இப்பிடி ஒரு பொய்ய சொல்ல உங்களுக்கு எப்பிடித் தோழர் மனசு வருது?"

"நான் அப்படிச் சொல்லலயே," என்றாள் ஜெயராணி.

"குறுக்கிடாதீங்க தோழர். உங்க முறைல நான் குறுக்கிடல."

"தோழர், நான் போக வேணாம்னுதான்..."

"நேரம் அவருடையது," என்றார் ரொஹான் கனிவாக.

பற்றிக்கிடமும் ஒரு நாலாவது அட்டை இருந்தது. எப்படியோ கைக்குக் கிடைத்த அவளுடைய நாலாவது அட்டைக்கு எழுதிய பதில். அவள் என்ன சொன்னாலும் அவரிடமிருந்தது அந்தப் பதில் மட்டும்தான். கடைசி வரியில் குரல் உடைந்தது. கண்ணீர் கன்னத்தில் சரியான இடத்தில் இறங்கியது. பன்னிரண்டு பேரில் ஒரு பெண் கைக்குட்டையை எடுத்தாள்.

இடைவேளை.

*

நஸீப் ஓடிவந்தான். திட்டுவான் என்று நினைத்தாள். அவன் முகத்தில் நிம்மதி.

"உசிரு போயி மையித்தாப் போயிருப்பன் அக்கா. ஆனா ஒன்னும் ஆகல. ஒருத்தரும் கவனிக்கல. இங்க பாருங்க."

போனை நீட்டினான். நிகழ்ச்சிக்குக் கீழே கருத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. 'வழக்கம் போல ஒப்பிக்கிறாங்க.' 'எழுதிக் குடுத்தத வாசிக்க ஒரு வேட்பாளரா.' 'பற்றிக் சேர் மனசால பேசுறார்.' 'அந்தக்கா மூஞ்சில ஒரு உணர்ச்சியும் இல்ல.'

"ரெண்டாம் பகுதில நாலாவது அட்டைய ஒருக்கா சொல்லிருங்க. சரியாப் போயிரும்."

"இவங்க கவனிக்காட்டி என்ன? எங்க ஆளுக பாத்திருப்பாங்க. எனக்கு அது போதும்."

நஸீபின் முகம் மாறியது. போனைச் சட்டைப் பையில் போட்டான். திரும்ப எடுத்தான்.

"அக்கா, வொய்ஸ் போயிருச்சு."

"என்னா வொய்ஸ்?"

"போன கிழமைக்கு முன்ன எடுத்தமே. பத்து மணிக்கே எல்லாத் தோட்டத்துக் குரூப்புக்கும் போட்டாச்சு. விவாதத்துக்கு முந்தியே போடணும்னு கொழும்புல சொன்னாங்க."

அவளுக்கு ஞாபகம் வந்தது. கட்சி அலுவலகத்தில், சுவரில் மெத்தை ஒட்டிய அறையில், பிறகு நாலாவது அட்டையில் ஏறிய இதே வசனத்தைக் குரலில் பதிந்தார்கள். கடிதம் வருவதற்கு முன்பு. அப்போது அவளும் அதை நம்பினாள். பதின்மூன்று தடவை சொல்லியும் சரிவரவில்லை. செத்த குரலாக இருக்கிறது என்றார்கள். பதினாலாவது தடவைக்கு முன் நஸீப்தான் மெதுவாகக் கேட்டான்: "அக்கா, அழகையா அண்ணன்கிட்ட சொல்றதுன்னா எப்பிடிச் சொல்லுவீங்க? வேலையால வந்து வாசல்ல செருப்பக் கழட்டுறாரு. வீட்டுக்கு எடம் கெடச்சிருச்சின்னு அவர்ட்ட சொல்லுங்க."

சொன்னாள். எங்கிருந்து வந்ததென்று தெரியாத ஒரு குரலில் சொன்னாள். அறைக்கு வெளியே நின்றவர்கள்கூட மூக்கை உறிஞ்சினார்கள். அதற்குப் பிறகு அந்தக் குரல் அவளுக்கு வரவேயில்லை.

பாலம்மாவுக்கு அழைத்தாள். ஏழு தடவை மணி அடித்த பிறகுதான் எடுத்தாள். காற்றுச் சத்தம். இரும்பு கல்லில் மோதுகிற சத்தம்.

"மதினி, எங்க இருக்கீங்க?"

"எங்க இருப்பாங்க? மலையிலதான். ஓடி வாடி. நல்ல எடமாப் பாத்து ஒனக்கும் ஒன்னு கயிறு கட்டி வச்சிருக்கேன்."

"டிவி பாக்கலயா?"

"டிவி எதுக்கு? நீ பேசுனதத்தான் காலையில இருந்து பத்துவாட்டி கேட்டாச்சே. என்னமா பேசியிருக்கடி! ராஜலிங்கமே அழுதுட்டான்."

"மதினி, எல்லாரும் எறங்குங்க. அந்த எடம் சரிஞ்சிரும்."

அந்தப் பக்கம் மம்பட்டியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"யாருக்கு மாத்திக் குடுத்துட்டாங்க?" என்றாள் பாலம்மா. குரல் இறுகியிருந்தது. "கீழ் டிவிசன்காரனுகளுக்கா? அவனுகளும் கம்போடதான் வாரானுக."

"யாருக்கும் இல்ல. கேளுங்க..."

"போன வைய்யி. கையில வேல கெடக்கு."

ஜெயராணி சேலையில் குத்தியிருந்த ஒலிவாங்கியைக் கழற்றி நஸீபின் உள்ளங்கையில் வைத்தாள்.

"அக்கா, இன்னும் ரெண்டு நிமிசத்துல பகுதி ரெண்டு!"

அவள் படியிறங்கிக்கொண்டிருந்தாள்.

*

கிடைத்த ஓட்டோவில் ஏறினாள். தலாத்துஓயா தாண்டும்போது வானம் கறுத்தது. ஓட்டோக்காரர் போனைக் கண்ணாடிக்குக் கீழே செருகி வைத்து நிகழ்ச்சி பார்த்துக்கொண்டு வந்தார். கண்டிக்காரர். பின்னால் இருப்பது யாரென்று அவருக்குத் தெரியவில்லை.

"பதில் சொல்லுங்க தோழர்!" என்று பற்றிக் வெறும் கதிரையைப் பார்த்து முழங்கினார். "ஏன் இந்த மௌனம்?"

"சரியான கேள்வி," என்றார் ஓட்டோக்காரர். "பொம்பள வாயே தொறக்கல பாருங்க."

தோட்டத்தை அடைந்தபோது பிற்பகல் ஒன்றரை. பாடசாலை மண்டபம் திறந்து கிடந்தது. சேலைச் சுவர்கள் காற்றில் ஆடின. உள்ளே நடக்க முடியாத இரண்டு பேர் தவிர வேறு யாருமில்லை. தொலைக்காட்சியை யாரோ நிறுத்தாமலே போயிருந்தார்கள்.

பதினோராம் நம்பர் மலை கைவிட்ட தேயிலை. ஆள் உயரத்துக்கு மானாப்புல். இப்போது பாதி வெட்டியாயிற்று. செங்குத்துச் சரிவில் படிப்படியாகச் செம்மண் வெட்டியிருந்தார்கள். எங்கு பார்த்தாலும் கம்பு, நைலோன் கயிறு, கிழிந்த சேலைத் துண்டு. ஐந்து மாதத்துக்குப் பிறகு அந்தச் சனம் சிரித்துக்கொண்டிருந்தது.

அதைப் பார்த்தாள். உள்ளே ஒன்றும் நடக்கவில்லை.

"வந்துட்டா வேட்பாளரு!" என்று யாரோ கத்தினார்கள். "மாலைக்கு எங்க போறது, மானாப்புல்லத்தான் போடணும்!"

"எல்லாரும் எறங்குங்க," என்றாள் ஜெயராணி. "இந்த எடம் சரியில்ல. மேல வெடிச்சிருக்கு. கடிதம் வந்திருக்கு."

மம்பட்டிகள் ஒவ்வொன்றாக நின்றன. தோட்டத் தலைவர் ராஜலிங்கம் சேற்றுக் காலோடு கிட்டே வந்தார். ஐம்பது தாண்டியவர், சங்கத்தில் அவளை முதன்முதலில் பேச மேடையேற்றியவர்.

"கடிதம் எங்க?"

"கட்சில இருக்கு."

"சரி. வெடிப்பு எங்க?"

"மேல. காட்டுக்குள்ள."

"எந்த எடத்துல?"

"தெரியாது அண்ணே. நான் பாக்கல."

"வெடிப்பில்லாத மலை எங்க இருக்கு தங்கச்சி? கோயில் சுவர்லயும்தான் வெடிச்சிருக்கு, சாமி எறங்கி ஓடிருச்சா?" கூட்டம் சிரித்தது. ராஜலிங்கம் சிரிக்கவில்லை. போனை எடுத்து அழுத்தினார்.

சரிவு முழுக்க அவளுடைய குரல் பரவியது. வெதுவெதுப்பான குரல். வாசலில் நிற்கிற ஒருவனிடம், உள்ளே வா, தண்ணீர் குடி, ஒரு நல்ல செய்தி இருக்கிறது என்று சொல்லுகிற குரல். *அது இனி உங்கள் நிலம்.* ஒரு கிழவர் மறுபடியும் கண்ணைத் துடைத்தார்.

"இது யாரு?" என்றார் ராஜலிங்கம்.

"நான்தான்."

"இப்ப பேசுறது?"

"அதுவும் நான்தான்."

"ரெண்டுல எத நம்புறது?"

பாலம்மா முன்னால் வந்தாள். அறுபது வயது. முழங்கால் வரை செம்மண். "இதுல பேசுறதுல உசிரு இருக்கு," என்றாள் போனைக் காட்டி. "இப்ப நீ பேசுறது சந்தைல வெல சொல்ற மாதிரி இருக்கு. எவன் எழுதிக் குடுத்தான்? எங்கள எறக்கிட்டு யார ஏத்தப் போறீங்க?"

"யாரும் எழுதித் தரல மதினி."

"அஞ்சு மாசமா எழுதிக் குடுத்ததத்தானடி பேசுற. பாயில படுத்துக்கிட்டுப் படிப்ப. எங்க பேரப்புள்ளைக்கே மனப்பாடம்."

முதல் துளி விழுந்தது. யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. இரண்டு பேர் மம்பட்டியைத் திரும்ப ஓங்கினார்கள்.

அப்போதுதான் அவள் சொன்னாள். குரலை உயர்த்தவுமில்லை, தாழ்த்தவுமில்லை.

"அன்னைக்குக் காலையில அஞ்சு மணிக்கு பீலிக்குத் தண்ணிக்குப் போனேன். தண்ணி செம்மண்ணா வந்துச்சு. குடத்த வச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டே நின்னேன். கொஞ்ச நேரத்துல நின்னுருச்சு. மழை கொட்டுது, பீலில சொட்டுத் தண்ணி இல்ல. மலைக்குள்ள என்னமோ நடக்குதுன்னு தெரிஞ்சுச்சு. வெறுங் குடத்தோட வீட்டுக்கு வந்தேன். அவரு தூங்கிக்கிட்டு இருந்தாரு. எழுப்பல. எழுப்பினா பேசிக்கிட்டு நிக்கணும், ஆறு மணி பஸ் போயிரும். கண்டில கெமராவுக்குப் பேசப் பழக்குறாங்க, பிந்தினா ஏசுவாங்க. வந்து சொல்லிக்கலாம்னு போயிட்டேன். யார்கிட்டயும் சொல்லல. அன்னைக்கும் சொல்லல, இன்னைக்கு வரைக்கும் சொல்லல."

ஓங்கிய மம்பட்டிகள் இரண்டும் கீழே இறங்கின.

"லயத்துல எல்லாரும் வேலைக்குப் போகாம மழைக்கு வீட்டுலதான் இருந்தாங்க," என்றாள் ஜெயராணி. "சொல்லியிருந்தா எட்டு மணி நேரம் இருந்துச்சு."

பாலம்மா அவளையே பார்த்தாள்.

"எங்க அழகையா தூங்கிக்கிட்டு இருந்தானா?"

"ஆமா."

"நீ எழுப்பல."

"இல்ல."

அடிப்பாள் என்று ராஜலிங்கம் நினைத்திருக்க வேண்டும். குறுக்கே ஒரு கையை நீட்டினார். பாலம்மா அடிக்கவில்லை. குனிந்து, மம்பட்டியை எடுத்துத் தோளில் வைத்தாள். வெட்டிய படியில் உட்கார்ந்திருந்த பேரப்பிள்ளைகளைப் பார்த்துக் கையசைத்தாள்.

"எறங்குங்க."

"என்னாக்கா," என்றார் ராஜலிங்கம், "இவ சொல்றத நம்பியா..."

"இத எவன்டா எழுதிக் குடுப்பான்?"

பாலம்மா இறங்கத் தொடங்கினாள். பிறகு சமையல் சட்டி வைத்திருந்த ஒருத்தி சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பின்னால் போனாள். பிறகு இன்னொரு குடும்பம். பிறகு நாலைந்து. கம்புகளைத் தாண்டி, கயிறுகளைக் காலால் விலக்கி, வரிசையாக இறங்கினார்கள். கடந்து போகும்போது ஒருவரும் ஜெயராணியின் முகத்தைப் பார்க்கவில்லை. மேல் லயத்தில் மகளை இழந்த ஒருவர் மட்டும் நின்று, ஏதோ சொல்ல வந்து, காறி மண்ணில் துப்பிவிட்டுப் போனார்.

"மதினி," என்று கூப்பிட்டாள்.

பாலம்மா திரும்பவில்லை. "ஹோலுக்கு வந்துறாத," என்றாள், நடந்துகொண்டே. "ஒன் பாயச் சுருட்டி வெளிய வச்சிர்றேன்."

சரி என்று தலையசைத்தாள் ஜெயராணி. பாலம்மாவின் முதுகுக்கு அது தெரியாது.

ராஜலிங்கம் கடைசியாக இறங்கினார். "மேல் மூலைல ஏழு குடும்பம் இருக்கு," என்றார், எங்கேயோ பார்த்துக்கொண்டு. "நீ பேசுனது அவங்களுக்குக் கேட்டிருக்காது. நான் சொன்னா எறங்க மாட்டானுக. தலைவரு எடத்த அமுக்கப் பாக்குறாருன்னுவானுக."

"நான் போறேன் அண்ணே."

ஏறினாள். செருப்பு வழுக்கியது, கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். போன் அடித்தது. நஸீப். அடித்து ஓய்ந்தது.

முதல் குடும்பம் ஒரு தறப்பாளின் கீழ் நனைந்துகொண்டு நின்றது. புருஷனும் பெண்சாதியும் கைக்குழந்தையும். யாருக்கு விட்டுக்கொடுக்கச் சொல்கிறாய் என்று அவனும் அதையே கேட்டான்.

"அன்னைக்குக் காலையில அஞ்சு மணிக்கு பீலிக்குத் தண்ணிக்குப் போனேன்," என்றாள்.

அவர்கள் இறங்கினார்கள்.

இரண்டாவது குடும்பம் நம்ப நேரம் எடுத்தது. மூன்றாவது குடும்பத்தின் பெண், கேட்டு முடிவதற்குள் அழத் தொடங்கிவிட்டாள். அங்கே சொல்லும்போதுதான் ஜெயராணி கவனித்தாள். சொற்கள் அதே வரிசையில் வந்தன. எழுப்பல என்ற சொல்லுக்கு முன்னால் நாக்கு தானாக ஒரு கணம் நின்றது. கீழேயும் அங்கேதான் நின்றது. இனி அதை வேறு மாதிரிச் சொல்ல அவளால் முடியாது.

நாலாவது, ஐந்தாவது குடும்பங்களும் இறங்கின. ஆறாவது ஆள் பாதியில் கையை நீட்டி, போதும் என்றான். மம்பட்டியைக்கூட எடுக்காமல் இறங்கிப் போனான்.

மழை பிடித்துவிட்டது. வெட்டிய படிகளில் செம்மண் கரைந்து ஓடியது. மேலே காட்டோரத்தில் ஒரு தறப்பாள் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. ஜெயராணி முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு, அதை நோக்கி ஏறினாள்.